இஞ்சினைத் திறந்தது யார்

தாராவியில் எங்கள் சந்து குறுகலானது. ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் எதிரே வருகிறவர் தோளைச் சுருக்கிக்கொண்டுதான் தாண்டிப் போக வேண்டும். அப்படிச் சுருக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சில மாதங்கள் தாங்க முடியாத பெருமையாக இருந்தது. நின்றது எங்கள் வண்டி. ஷோரூமிலிருந்து மாலை போட்டு ஓட்டி வந்த புது வண்டி. எதிர்வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தபோது, "வண்டின்னா எடத்த அடைக்கத்தான் செய்யும்" என்று அப்பா பணிவு போலத் தோன்றும் ஒரு குரலில் சொல்வார்.

கீழறையில் நாங்கள் இருந்தோம். இரும்பு ஏணியில் ஏறினால் மாடியறையில் சித்தப்பாவும் சித்தியும். அடுப்பு இரு வீட்டுக்கும் ஒன்றுதான். விடிவதற்கு முன்பே சித்தப்பா இட்லியையும் வடையையும் தகரப் பெட்டியில் அடுக்கி வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு செம்பூருக்குப் போவார். அலுவலகங்கள் திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவந்து வண்டியை அப்பாவிடம் கொடுப்பார். அப்பா மாஹிமில் ஒரு தோல்பை கம்பெனிக்காகக் கடைகடையாக ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி அப்பா பெயரில் இருந்தது. தவணையில் பாதி சித்தப்பாவுடையது. அதுவரை பக்கத்துத் தெருக்களில் சைக்கிள் மிதித்து இட்லி விற்றவர் என்பதால், வண்டியில் ஏறி உட்காரும்போது சித்தப்பா ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார். மேடையேறிப் பேசப்போகிறவர் போல இருக்கும்.

முதல் சர்வீஸ் முடிந்த கொஞ்ச நாளில், வண்டி நின்ற இடத்தில் கல்மேல் கறுப்பாக ஒரு ஈரம் தெரிந்தது. தண்ணீர் என்று நினைத்து நான் மிதித்தேன். வழுக்கியது. செருப்பை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு எண்ணெய் என்றாள்.

அப்பா என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு செம்பூர் ஷோரூமுக்குப் போனார். முன்பக்கம் கண்ணாடியும் வெளிச்சமுமாக இருக்கும். வண்டி வாங்கும்வரை அங்கே உட்காரலாம். வாங்கிய பிறகு பின்பக்கத்துச் சந்து வழியாக சர்வீஸ் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே ஓர் இரும்பு பெஞ்சு. டை கட்டிய ஒரு இளைஞன், கையில் ஒரு டேப்லெட்டுடன் வந்து குனியாமலே வண்டியைப் பார்த்தான். "நயீ காடி ஹை அங்கிள், தோடா பஹுத் ஹோதா ஹை" என்றான். புது வண்டியில் இதெல்லாம் சகஜமாம். எதற்கும் விட்டுவிட்டுப் போங்கள் என்றான். மறுநாள் கழுவித் துடைத்து, சரியாகிவிட்டது என்று கொடுத்தார்கள். என்ன செய்தீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, செக் பண்ணினோம் என்று பதில் வந்தது.

சில வாரங்களில் ஈரம் திரும்பி வந்தது.

இந்த முறை போவதற்கு முன்னால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று நாமே பார்த்துவிடுவோம் என்று அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து இஞ்சினைத் துடைத்தார்கள். காய்ந்த பிறகு சித்தப்பா, "ஏட்டி, ஒம் பவுடரக் கொண்டா" என்றார். என் முகத்துக்குப் போடும் பவுடரை இஞ்சின் முழுக்கத் தூவினார்கள். எங்கள் வண்டி பள்ளிக்கூட விழாவுக்குப் போகும் பிள்ளை மாதிரி வெள்ளையாகி நின்றது. சந்தில் போனவர்கள் எல்லாரும் நின்று சிரித்தார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, அப்பா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். சித்தப்பா பக்கத்தில் முட்டி போட்டார்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளையின்மேல் பழுப்பாக ஒரு கோடு இறங்கியது. அடியில் இருக்கும் ஆயில் போல்ட்டிலிருந்துதான் ஒழுகுகிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். கோடு அங்கே தொடங்கவில்லை. வலப்பக்கத்து மூடி இஞ்சினோடு சேரும் விளிம்பில், மேலேயிருந்து தொடங்கி, வளைந்து இறங்கி, அடி போல்ட்டுக்கு வந்து சொட்டியது. "மேலருந்துல்லா வருது!" என்று கத்தியது அப்பாதான். ஏதோ கிணற்றில் தண்ணீர் கண்டவர் போலக் கத்தினார். அன்றைக்கு மத்தியானம் இருவரும் எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு ஒன்றாக உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அப்படி அவர்கள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அப்பா ஷோரூமில் நிமிர்ந்து நின்று, மூடி சேரும் இடத்தில் லீக், வாரண்டியில் செய்து கொடுங்கள் என்றார். டை கட்டியவன் இந்த முறை குனிந்தான். மூடியின் போல்ட்டுகளை விரலால் காட்டினான். கறுப்பு பெயிண்ட் பெயர்ந்து ஸ்பானர் பட்ட தடம் இருந்தது. விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. அதை எங்களில் யாரும் கவனித்திருக்கவில்லை.

"யே பாஹர் குலா ஹை, அங்கிள்" என்றான். வெளியே யாரோ ஒரு மெக்கானிக் இஞ்சினைத் திறந்து, பசை போட்டு ஒட்டி மூடியிருக்கிறான். வெளியாள் கை வைத்தால் வாரண்டி கிடையாது. பணம் கட்டினால் செய்து தருகிறோம். அவன் சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. பின்னால் கட்டியிருந்த தகரப் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டி இன்னும் யார் யார் கையில் ஓடுகிறது என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு நேராக அடுப்படிக்குப் போனார். சித்தப்பா மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தார்.

"எந்த மெக்கானிக்குகிட்டல குடுத்தே?"

"என்னத்தண்ணே?"

"வண்டிய. தொறந்திருக்காம்லா. நான் தொறக்கல. பொறவு பேயா தொறந்துச்சு?"

"நான் யாருகிட்டயும் குடுக்கல. பவுடர் போட்டுப் பாத்தமே, மேலருந்து வந்துச்சுல்லா. நீயுந்தானே பாத்தே."

"நான் பாத்தது கெடக்கட்டும். கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர வச்சிக்கிட்டு நிக்கான். அவன் பொய் சொல்லுதானா?"

"அப்ப நான் பொய் சொல்லுதனா?"

அப்பா பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அந்த இடைவெளியில் அம்மா, கல்யாணத்துக்கு முன்னால் சித்தப்பா யாருடைய ஆட்டோவையோ இரவல் வாங்கி இடித்து, சொல்லாமல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்த கதையை எடுத்தாள். அது வீட்டில் எல்லாரும் பலமுறை சொல்லிச் சிரித்த கதை. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சித்தி ஏணியின் பாதியில் நின்றபடி, "அவரு அப்பிடிச் செஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு அத்தான்" என்றாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் அப்பா அந்தப் பேச்சை எடுப்பார். கோபமாக அல்ல. "செஞ்சத ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு. நான் ஒண்ணுஞ் சொல்லப்போறதில்லல்லா" என்பார். அப்பா மன்னிக்கத் தயாராக இருந்தார். அடித்திருந்தாலும் சித்தப்பா தாங்கியிருப்பார். இந்த மன்னிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சித்தப்பா வண்டியைத் தொடுவதை விட்டார். பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தார். சைக்கிளில் செம்பூர் போய்ச் சேர்வதற்குள் அவருடைய வாடிக்கைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கிச் சாப்பிட்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் சித்தியின் உறவுக்காரர் ஒருவர் மூலமாக டோம்பிவிலியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து விடிகாலை முதல் லோக்கல் ரயிலைப் பிடித்தாலும் செம்பூரில் இட்லி வியாபாரம் செய்ய முடியாது. அவர் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகப் பிறகு சொன்னார்கள். தொப்பி வைத்த சித்தப்பாவை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

அப்பா ஷோரூமை விடவில்லை. விடுமுறை நாளெல்லாம் அந்த இரும்பு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எனக்குப் பள்ளி இல்லாத நாளில் நானும் போவேன்; அங்கே குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும். வாதாடிப் பார்த்து முடியாமல், அப்பா கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "மேரே பாயி நே கோலா, மேரேகோ மாலூம் நஹி தா" என்று டை கட்டியவனிடம் சொன்னார். என் தம்பி எனக்குத் தெரியாமல் திறந்துவிட்டான், அதற்கு நான் என்ன செய்வேன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இதையே சொன்னார். அவனும் ஒவ்வொரு முறையும் அனுதாபத்தோடு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

ஒரு நாள் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து எஞ்சினியர் ஒருவர் வந்திருந்தார். எங்களுக்காக வரவில்லை, வேறு எதையோ சோதிக்க வந்தவர். பெஞ்சில் இருந்த அப்பா எழுந்து நேராக அவர்முன் போய்க் கைகூப்பி, தம்பி கதையை முதலிலிருந்து சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வண்டியைப் பார்த்தார். பிதுங்கிய பசையை நகத்தால் சுரண்டி எடுத்து, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இது நம் பசை மாதிரி இருக்கிறதே என்றார்.

மெக்கானிக் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. "ஹம் நே ஹீ கோலா தா, சாப்" என்றார். நாங்கள்தான் திறந்தோம். ஒழுகுகிறது என்று முதல் தடவை வண்டி வந்தபோது, மூடிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட் ஸ்டாக்கில் இல்லை. பசை போட்டு ஒட்டிக் கொடுத்துவிடு என்றார்கள், கொடுத்தேன்.

டை கட்டியவன் டேப்லெட்டில் எதையோ மும்முரமாகத் தேடினான். எஞ்சினியர் அவனைத் தனியாக அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அன்று மாலைக்குள் புதிய கேஸ்கெட் வந்து, வண்டி சரியாகிவிட்டது. ஒரு பைசா வாங்கவில்லை. கம்பெனியின் பெயர் போட்ட ஒரு டி-ஷர்ட்டையும் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். "கிளம்புங்க அங்கிள், வேலை முடிஞ்சுது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான் டை கட்டியவன்.

நான் குதித்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினேன். அப்பா உடனே எழவில்லை. டி-ஷர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மடிப்பை நீவியபடி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வரும் வழியில் சயான் ரயில் நிலையத்தின் பக்கம் வண்டியை ஓரங்கட்டினார். செல்போனை எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிக்னல் இல்லையாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா கேட்டாள். "சரி பண்ணிக் குடுத்துட்டான்" என்றார் அப்பா.

"அப்ப யாருதான் தொறந்தாங்களாம்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். "நீ போயி மூஞ்சியக் கழுவு" என்றார். நான் கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியறையில் மிச்சமிருந்த சாமான்களை எடுத்துப் போக சித்தப்பா வந்தார். இளைத்திருந்தார். அப்பா அவரைச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். இலையில் இருந்ததற்கு மேல் அள்ளி அள்ளி வைக்கச் சொன்னார். எதற்கெடுத்தாலும் சிரித்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து சித்தப்பா கிளம்பியபோது, அப்பா வாசலில் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"வண்டிய நீ கொண்டு போ. இனி ஒனக்குத்தான். நல்லாத்தான் ஓடுது."

சித்தப்பா சாவியைப் பார்த்தார். "சரியாயிட்டா? என்ன கோளாறாம்ணே?"

"என்னமோ கேஸ்கெட்டாம். மாத்திட்டான்."

"யாரு தொறந்ததாம்?"

அப்பா சந்தின் அந்தக் கோடியைப் பார்த்தார். அங்கே யாரும் வரவில்லை. "அதெல்லாம் எவன் சொல்லுதான்" என்றார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா நீட்டிய கையை மடக்கவில்லை. பிறகு சித்தப்பா குனிந்து சாமான் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்ணே. டோம்பிவிலில வண்டி நிறுத்த எடமில்ல."

அவர் சந்தைத் தாண்டி மறைந்த பிறகும் அப்பா சாவியோடு வாசலிலேயே நின்றார். எனக்கு சித்தப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. சும்மா கிடைக்கிற வண்டியைக்கூட வாங்கிக்கொள்ள முடியாத ஊரில் போய் இருக்கிறாரே என்று தோன்றியது. அதை வெகுநாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் என் வகுப்பில் ஒருத்தி, நாங்கள் டோம்பிவிலியில் வீடு வாங்கிப் போகிறோம் என்று பெருமையாகச் சொன்னபோது, "அப்ப உங்கப்பா வண்டிய என்ன பண்ணுவாரு?" என்று கவலையோடு கேட்டேன்.