ஹியவிஹாவின் மூன்றாம் நாள்

"கட்டைவிரல எடுங்க, தாஹிருபே."

"இதுக்குக் கீழ ஒண்ணுமில்ல."

"அதுக்குக் கீழதான் எல்லாம் இருக்கு. எடுங்க."

தாஹிரு எடுக்கவில்லை. மேசையில் விரித்திருந்த காலண்டரில் பிப்ரவரி பதினான்கிலிருந்து இருபத்தாறு வரையான தேதிகளை அவருடைய பெருவிரல் மறைத்துக்கொண்டிருந்தது. மற்ற மாதங்களையெல்லாம் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார். ரண்தரி படகு எந்தெந்த வாரம் பயணிகளோடு கடலுக்குப் போகலாம், எந்த வாரம் கரையில் கிடந்து பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று பென்சிலால் குறித்தாயிற்று. வருடத்தைப் பதின்மூன்று, பதினாலு நாள் கொண்ட இருபத்தேழு நக்கத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்று எது, நீரோட்டம் எது என்று சொல்லக்கூடியவர். தலைநகர் மாலேயில் மற்ற படகுக்காரர்களும் போன் போட்டு அவரிடம்தான் கேட்பார்கள். வயதில் சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் தாஹிருபே, தாஹிரு அண்ணன். அவர் நல்லது என்று சொன்ன வாரத்தில் ஒரு பயணிகூட வாந்தி எடுத்ததில்லை என்று பேச்சு.

"ஊர் உலகத்துலேர்ந்து எழுதுறவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேக்குறாங்க" என்றாள் பழைய முதலாளியின் மகள் ஷியூனா. "தீவுகளச் சுத்திப்பாக்க எப்ப வந்தா நல்லது? நான் பிப்ரவரின்னு எழுதுறேன். அடுத்த வரியிலயே பிப்ரவரியில எங்க படகு இல்லன்னும் எழுதுறேன். என்னைப் பைத்தியம்னு நெனைக்க மாட்டாங்களா?"

"அந்த நக்கத்துல கடல் சரியில்ல."

"ஹியவிஹா நக்கத்துலயா? கைக்கொழந்தைய வாளியில வச்சு மெதக்க விடலாம்னு எங்கப்பா சொல்வாரு. அவரு இருந்தவரைக்கும் நீங்க சொன்னதுக்குத் தலையாட்டினாரு. நான் ஆட்ட மாட்டேன். பதினாலு பேர் இத்தாலியிலேர்ந்து வர்றாங்க. ஒத்துக்கிட்டாச்சு."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா கட்டைவிரல வைப்பீங்க. நீங்க வரலைன்னா லாமு தீவுகள்லேர்ந்து ஒருத்தர வரச்சொல்லிருக்கேன். அவரு சுக்கானப் புடிச்சா மார்ச்லயும் அவரேதான் புடிப்பாரு. கோவிச்சுக்காதீங்க."

தாஹிரு வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து, பாக்குச் சீவலை வாயில் போட்டு மென்றார். வயது ஐம்பத்தாறு. இடது முட்டி மடங்காது. பதினாறு வயதில் சூரைமீன் தூண்டில் படகில் ஏறியவர், முதலாளி இந்தப் படகைக் கட்டியபோது இதற்கு வந்தார். வேறு தொழில் தெரியாது. விரலை எடுத்தார்.

இந்தக் கடலில் ஒரு வழக்கம் உண்டு. சூரியன் விழுந்தபின் தண்ணீரிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை பதில் சொல்லக்கூடாது. இரண்டாம் தடவையும் கூடாது. கடலில் இருப்பதற்கு எல்லோருடைய பெயரும் தெரியும். ஆனால் இரண்டு தடவைதான் அதற்கு அனுமதி. மூன்றாவது தடவை கூப்பிடுவது மனிதன் மட்டுமே. படகில் ஏறும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஹியவிஹாவின் மூன்றாம் நாள், நங்கூரம் பவளப்பாறையில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க தாஹிருவின் தம்பி இல்யாஸ் தண்ணீரில் இறங்கினான். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. தாஹிரு பின்தளத்தில் பாக்கு சீவிக்கொண்டிருந்தார். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்தார். சூரியன் விழுந்தது. தள்ளி எங்கிருந்தோ "தாஹிருபே" என்று கேட்டது. பாக்குக் கத்தி நின்றது. மறுபடி, "தாஹிருபே." படகில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் மூன்றாவதற்காகக் காத்திருந்தார்.

அது வரவில்லை. இல்யாஸும் வரவில்லை. மறுநாள் நாலு படகுகள் தேடின. ஊரில் ஒருவரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. செய்யவேண்டியதைத்தான் செய்தாய் என்றார்கள். அம்மாவும் அதையே சொன்னாள்.

அடுத்த வருடம் அதே நக்கத்தில் கடலில் இருந்தபோது இரண்டு தடவை கேட்டது. அதன்பின் அந்தப் பதின்மூன்று நாட்களும் அவர் கடலுக்குப் போனதில்லை. ஊரில், கரையிலிருந்து தள்ளி இருக்கும் மச்சான் வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருப்பார். மூன்றாவதும் கேட்டுவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ரண்தரி கிளம்பிய மூன்றாம் நாள், ஹியவிஹாவுக்கும் அது மூன்றாம் நாள், மேற்கு விளிம்பில் ஒரு கால்வாய்க்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். காற்று இல்லை. படகின் நிழல் ஏழு பாகம், ஏழு ஆள் ஆழம், கீழே மணலில் அசையாமல் கிடந்தது. கைப்பிடியில் காயப்போட்டிருந்த துண்டுகளின் நிழல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பயணிகளில் ஒரு கிழவி, இப்படி ஒரு கடலை எப்படித் தேதி சொல்லிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். தாஹிரு சிரித்துவைத்தார்.

சூரியன் விழுந்தது. மஃரிப் தொழுகை முடிந்து மற்றவர்கள் தட்டுகளை எடுக்கப் போனார்கள். முர்ஷித் மட்டும் நின்றான். முப்பது வருடமாக அவரோடு வேலை பார்ப்பவன். அன்றும் படகில் இருந்தவன்.

"முகம் ஏன் இப்பிடிக் கெடக்கு? பொண்டாட்டி ஞாபகமா?"

"போடா. போய்ச் சோத்தப் போடு."

"போறேன். உள்ள வந்து உக்காருங்க. இன்னைக்கு வெளிய வேணாம்." நாள் அவனுக்கும் தெரிந்திருந்தது.

அவர் போகவில்லை. மேற்கே வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது. அப்போது கேட்டது.

"தாஹிருபே."

கால்வாய்ப் பக்கமிருந்து வந்தது. மேல்தளத்தில் அந்தக் கிழவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அதே திசையைப் பார்த்தாள். பிறகு புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

"தாஹிருபே."

அவன் குரல்தான். வயது ஏறாத குரல். தாஹிருவின் கை பாக்குக் கத்தியை வைத்துவிட்டது. காத்திருப்பதற்கு இனி அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. "வர்றேன்டா" என்று சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பின்பக்கம் கட்டியிருந்த சிறுபடகில் இறங்கி, கயிற்றை அவிழ்த்து, இன்ஜினை இழுத்தார். கிளம்பியது.

நூறு பாகம் போவதற்குள் இருமி நின்றது. குனிந்து பார்த்தார். எண்ணெய் டின் இல்லை. நிரப்புவதற்காகச் சாயங்காலமே கழற்றி மேலே கொண்டுபோயிருந்தார்கள். துடுப்பும் மேலேதான் இருந்தது. குழாயில் மிஞ்சியிருந்த எண்ணெயில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

தண்ணீர் அசைவதாகவே தெரியவில்லை. ரண்தரியின் விளக்குகள் மட்டும் மெல்லச் சிறிதாகிக்கொண்டு போயின. இந்தப் பருவத்தில் மேற்குக் கால்வாய்களில் எல்லாம் நீர் வெளியேதான் ஓடும். இது அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது. வெளியே, ஆப்பிரிக்கா வரை ஒன்றும் இல்லை.

"முர்ஷித்!"

குரல் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. விளக்கடியில் தட்டோடு நின்றிருந்த முர்ஷித் அப்படியே நின்றுவிட்டான். திரும்பவில்லை. கரண்டிச் சத்தம் நின்றது. அவ்வளவு தூரத்திலிருந்து அது நின்றதுகூடக் கேட்டது. அங்கே என்ன நடக்கிறது என்று தாஹிருவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அவர் அங்கே உட்கார்ந்திருந்தவர்.

"முர்ஷித்!"

முர்ஷித் தட்டைக் கீழே வைத்தான். இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். இன்னும் ஒன்று. ஒன்று போதும்.

தாஹிரு மூச்சை இழுத்தார். நெஞ்சு நிறையக் காற்று இருந்தது. வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். காற்று மட்டும்தான் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. இல்யாஸுக்கும் இப்படித்தானா, என்று நினைத்தார். இவ்வளவுதானா.

விளக்குகள் ஒற்றைப் புள்ளியாகச் சேரத் தொடங்கின.

அவருக்குப் பின்னால், படகின் ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் லேசாகப் பிளந்தது. முங்கி எழுகிறவன் மூச்சு விடுகிற சத்தம். அவர் திரும்பவில்லை. கழுத்தில் ஈரக்காற்று பட்டது.

"முர்ஷித்பே!"

குரல் அவர் காதைத் தாண்டி நேராக விளக்கை நோக்கிப் போனது.

"ஓய்!" என்றது ரண்தரி. ஒரே நேரத்தில் நாலைந்து குரல்கள். டார்ச் வெளிச்சம் தண்ணீரைத் துழாவியது. யாரோ எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கேட்டது. இன்னொரு சிறுபடகு தொப்பென்று இறங்கியது.

முர்ஷித்தான் முதலில் வந்து கயிற்றைப் பிடித்தான். வாய் நிற்கவில்லை.

"அறிவிருக்கா ஒங்களுக்கு? டின் இல்லாம எவனாவது எறங்குவானா? இதச் சின்னப்பய செஞ்சிருந்தா கன்னத்துல விட்டிருப்பீங்க. ரெண்டு தடவ கூப்பிட்டுட்டு எவ்வளவு நேரம்! மூணாவது வராதுன்னே நெனச்சேன். உள்ள எல்லாரும் துஆ ஓத ஆரம்பிச்சிட்டாங்க."

தாஹிரு கயிற்றின் நுனியை அவன் பக்கம் நீட்டினார்.

"அது கெடக்கட்டும். மூணாவது தடவ எதுக்கு என்னைய 'பே'ன்னீங்க? ஒங்களவிட ரெண்டு வயசு சின்னவன் நான். என்ன, பயத்துல மரியாத வந்துருச்சா?"

சிரித்துக்கொண்டே கயிற்றை முடிச்சுப் போட்டவன், பாதியில் நிறுத்தினான். தாஹிருவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவருக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்தான். படகில் அவனை முர்ஷித்பே என்று கூப்பிட்டவன் ஒருத்தன்தான். முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டான்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு நங்கூரம் தூக்கினார்கள். வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று. காலைச் சாப்பாடு ரொட்டியும், மீனும் தேங்காய்ப்பூவும் பிசைந்த மாஸ் ஹுனியும். பதினாலு பேரும் தேங்காய்ப்பூ போதவில்லை என்றார்கள். ஒன்பது மணிக்குக் கால்வாயில் இரண்டு பெரிய திருக்கைகள் தெரிந்தன. முர்ஷித் சிறுபடகுக்கு எண்ணெய் நிரப்பி, டின்னை அதிலேயே கட்டிவைத்தான். துடுப்பையும் வைத்தான். பதினொரு மணிக்கு ஷியூனா போன் செய்து, அடுத்த வருடம் ஹியவிஹாவுக்கு இப்போதே கேட்கிறார்கள், என்ன எழுதட்டும் என்றாள். நல்ல நாள்தான், எழுது என்றார் தாஹிரு. பிற்பகலில் ஒரு தீவில் நிறுத்தி இரண்டு தார் வாழைப்பழமும் ஐஸும் ஏற்றினார்கள். சூரியன் ஆறு இருபதுக்கு விழுந்தது. தாஹிரு பின்தளத்தில் பாக்கு சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. இரவுக்கு வறுத்த மீன்.