சகுந்தலாவுக்குத் தைத்த கச்சு

போன வாரம் மருமகளுக்கு ஒரு பார்சல் வந்தது. வயிற்றை அமுக்கி இடுப்பை எடுத்துக் காட்டும் உள்ளுடுப்பாம். கூடவே ஒரு அட்டை. அதில் பெண்களைப் பழங்களாகப் படம் போட்டிருந்தார்கள். பேரிக்காய் உடம்புக்கு இந்த மாதிரி, ஆப்பிள் உடம்புக்கு அந்த மாதிரி என்று வகை பிரித்திருந்தது. "அத்த, நான் பேரிக்காயா, ஆப்பிளா?" என்று கேட்டாள். "நீ மிளகாய்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தத் துணியை முகர்ந்து பார்த்தேன். ரப்பர் வாசனைதான் வந்தது. எனக்கு வேண்டியிருந்ததோ கஞ்சி போட்ட காடாத்துணியும் மிஷின் எண்ணெயும் கலந்த வாசனை.

அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு நெய்வேலிக்கு வந்தவள் நான். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை, இரண்டு அறை குவார்ட்டர்ஸ், வாசலில் நட்ட கையளவு வேப்பங்கன்று. சீதனமாக வந்த தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டேன். பிளாக் முழுக்க ஆளுக்கொரு ஜில்லா. மதுரைக்காரம்மாவுக்கு ஜாக்கெட் கை முழங்கையைத் தொட வேண்டும். மெட்ராஸ்காரம்மாவுக்குக் கையே இருக்கக் கூடாது. எல்லாரும் அளவு ஜாக்கெட் என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள், கல்யாணத்துக்கு முன்னால் தைத்ததை. மூன்று பிள்ளை பெற்ற உடம்பைப் பார்த்துக்கொண்டே, "இதே அளவுதானேக்கா?" என்று கேட்பேன். "இதேதான்" என்பார்கள். நானும் சத்தம் போடாமல் இரண்டு அங்குலம் கூட்டி வைத்துத் தைத்துவிடுவேன். போட்டுப் பார்த்துவிட்டு, "பாரு, நான் அப்படியேதான் இருக்கேன்" என்று சந்தோஷமாகப் போவார்கள். இதனால் எனக்குக் கைராசிக்காரி என்று பேராகிவிட்டது. குட்டைக் கழுத்தா, முன்கழுத்தை இறக்கு. ஒல்லித் தோளா, பஃப் கை வை. கனத்த மார்பா, பாடியில் பட்டையை அகலமாக்கு. எந்த உடம்பையும் சரிசெய்துவிடலாம் என்ற திமிர் எனக்கு அப்போது.

அந்தத் திமிருக்குத் தூபம் போட்டது ஒரு ஜெர்மன்காரம்மா. சுரங்க மிஷின்களை ஓட்டிக் காட்ட வந்த எஞ்சினியரின் மனைவி, ஐம்பது வயசிருக்கும். தன் கார்செட்டில் பிரிந்துபோன ஒரு தையலைப் போடச் சொல்லி, பட்லரோடு வந்தார். எலும்பு எலும்பாக உள்ளே இரும்பு வைத்து, முதுகில் கயிறு கோத்த கச்சு அது. கூடவே ஒரு படப் புத்தகத்தையும் காட்டினார். பெருத்த இடுப்புக்கு ஒன்று, தட்டை மார்புக்கு ஒன்று, கூனலுக்கு ஒன்று என்று விதவிதமாக இருந்தது. அந்தக் கூனல் படத்தில் என் கண் நின்றுவிட்டது. எதிர் வரிசைச் சகுந்தலாவை நினைத்துக்கொண்டேன்.

சகுந்தலாவுக்கு அப்போது இருபத்தாறு வயசு. அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். பெண்ணுக்கு முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்து, வலது தோள் ஏறி இடது தோள் இறங்கியிருக்கும். முகம் லட்சணமான முகம். நாலு பேர் வந்து பார்த்தார்கள், நாலு பேரும் அவள் திரும்பி நடந்தபோது முதுகைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஐந்தாவதாகக் காடாம்புலியூரிலிருந்து ஒரு இடம் வருவதாக இருந்தது. பையன் மைன்ஸில் பர்மனென்ட். "இதுவும் போச்சுன்னா அவ அப்பா இனிமே ஆள கூப்பிட மாட்டேன்னுட்டார்" என்று அவள் அம்மா என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அவர்கள் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. ஜெர்மன்காரம்மாவிடம் படப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். கூனலுக்கு அதில் இரண்டு மாதிரி இருந்தன. ஒன்று மார்புக்குக் கீழே நின்றுவிடும் குட்டைக் கச்சு. இன்னொன்று அக்குளிலிருந்து இடுப்பெலும்பு தாண்டி இறங்கும் நெட்டைக் கச்சு. அந்த அம்மா குட்டையைத்தான் விரல் வைத்துக் காட்டினார். எனக்கு அது அரைகுறையாகப் பட்டது. வைப்பதுதான் வைக்கிறோம், கம்பமாக நிற்கும்படி வைப்போமே என்று நெட்டையை எடுத்தேன். காடாத்துணியை இரண்டாக மடித்து, சுரங்க மிஷின் வந்த பெட்டிகளைச் சுற்றிக் கட்டும் இரும்புப் பட்டையை உள்ளே செருகினேன். பட்டையை அறுத்து, கையைக் கிழிக்காதபடி முனை ராவிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். "பாலம் கட்டுறியா, பாடி தைக்கிறியா?" என்று கேட்டார். இறங்கின தோளுக்குப் பஞ்சு வைத்தேன்.

போட்டு இறுக்கியதும் சகுந்தலா கண்ணாடி முன்னால் நின்றவள் நின்றவள்தான். "அக்கா, மூச்சு முட்டுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்லக்கா, இருக்கட்டும்" என்றாள். மூன்று நாள் பழக்கினேன். நடக்கச் சொன்னேன், காபித் தட்டோடு வரச் சொன்னேன், திரும்பி நடக்கச் சொன்னேன், நாற்காலி நுனியில் உட்காரச் சொன்னேன். எல்லாம் கச்சிதம். அவள் அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அப்பாவின் அக்கா, நடுவில் பண்ருட்டித் தரகர். பேச்செல்லாம் அந்த அத்தைதான். நான் அடுக்களை வாசலில் நின்றேன். சகுந்தலா தட்டோடு வந்தாள், கொடுத்தாள், திரும்பி நடந்தாள். "பொண்ணு நல்லா நிமிந்து நடக்குது" என்றாள் அத்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் சகுந்தலாவின் அம்மா சொன்னாள்: "பெரியவங்க கால்ல வுழுந்து கும்பிட்டுக்கம்மா."

பெண் பார்க்கும் இடத்தில் பெண் காலில் விழுவாள் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மூன்று பெண்கள் மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம், ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. சகுந்தலா முழங்காலை மடக்கினாள். இடுப்பு மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இரும்பு விடவில்லை. நிமிர்ந்து, கையை மட்டும் கூப்பிக்கொண்டு நின்றாள். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அத்தை நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். வைத்த கேசரி வைத்தபடி இருந்தது. "ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பினார்கள்.

எட்டு நாள் கழித்துத் தரகர் வந்து, ஒத்து வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தெருமுனையில் அவர் சைக்கிளை மறித்தேன். முதுகு தெரிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"முதுகு கதைய நான் முன்னாடியே சொல்லிட்டம்மா. சொல்லாதன்னு பொண்ணோட அம்மா சாமி மேல சத்தியம் வாங்குச்சி. ஒளிச்சி வச்சி ஒரு கல்யாணம் பண்ண எனக்கு மனசு வரல. பையனுக்கும் ஒரு கால் கொஞ்சம் இழுப்பு. அவங்க ஒத்துக்கினுதான் வந்தாங்க."

"அப்புறம் என்னங்க?"

"இப்பவே கால்ல வுழாத பொண்ணு, நாளைக்கு வூட்டுக்கு வந்து யாரை மதிக்கும்னு பையனோட அத்தை ஒரே பிடியா நின்னுட்டாங்க."

நான் கச்சைப் பற்றி எல்லாம் கொட்டினேன். இதைப் போய்ச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பெடலில் காலை வைத்தார். "இப்ப போயி சொன்னா, ஏமாத்தறதுக்குக் கட்டிக்கினு வந்துச்சின்னு ஆவும். நான் முதுகு கதைய சொன்னத நீயும் பொண்ணு வூட்ல சொல்லிடாத. சத்தியம் மீறுனேன்னு அந்தம்மா என்னை சும்மா விடாது" என்றார்.

நானும் சொல்லவில்லை. தரகருக்காக என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அது பொய். சொன்னால் தப்பு என் மேல் வரும் என்று பயந்தேன். சகுந்தலாவோ முதுகுதான் காட்டிக்கொடுத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். தினமும் காலையில் கச்சோடு வருவாள். "இன்னும் ஒரு இழு இழுங்கக்கா, கொஞ்சம் நேராயிட்டா அடுத்தவங்க வரும்போது பயமிருக்காது" என்பாள். நானும் இழுத்துக் கட்டுவேன். அடுத்தவர் என்று யாரும் வரவில்லை. அவள் அப்பா ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து லாரியில் சாமான் ஏற்றினார்கள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். "கடிதம் போடு" என்றேன்.

அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. ஜெர்மன்காரம்மா ஊர் திரும்பிய வருஷமே எனக்கு மறந்துவிட்டது. தரகர் போய்ச் சேர்ந்தார், காடாம்புலியூர் அத்தையும் போயிருப்பாள். என் வீட்டுக்காரரும் இல்லை. நடந்தது இன்னதென்று தெரிந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் சகுந்தலாவின் தம்பி மனைவியைப் பார்த்தேன். நாத்தனார் இறந்து இரண்டு வருஷமாகிறது என்றாள். கடைசிவரை கல்யாணம் ஆகவில்லையாம், தம்பி வீட்டிலேயே இருந்தாளாம். "என் முதுகு மட்டும் நேரா இருந்திருந்தா அந்தக் காடாம்புலியூர்க்காரங்க கட்டிக்கினு போயிருப்பாங்கன்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க" என்றாள்.

"ஆமா, பாவம்" என்றேன் நான்.