ஏகாதசிக் கோதுமையும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

என் மூன்று வயது மகளுக்கு வயிறு உப்பியிருந்தது, எடை ஏறவில்லை. ஏகாதசிக்கு மறுநாள் பேதி அதிகம் என்று என் டைரி காட்டியது. எங்கள் வலியசாலை வீட்டில் ஏகாதசியன்று அரிசிக்குப் பதில் கோதுமைதான். அவளுக்குக் கோதுமையை அடியோடு நிறுத்தினேன். கோதுமை ஒவ்வாமல் குடல் பாதிக்கும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயில்லை என்று வந்தது.

முடிவைப் பார்த்த மலையாளி டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "குட்டி இப்போ கோதம்பு கழிக்குதோ?"

"மூணு மாசமா ஒரு வாய்கூடச் சாப்பிடலை, டாக்டர். தேதியோட எழுதியிருக்கேன்."

"டைரி ஜோர் சாரே, டெஸ்டுதான் வேஸ்ட்! கோதம்பு உள்ளே போனாத்தானே அதுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடி ரத்தத்தில காணும்?"

அவர் சொன்னபடி சில வாரம் கோதுமை கொடுத்து மறுபடி பார்த்தோம், நோய் தெரிந்தது. குடல் சோதனையும் அதை உறுதி செய்தது. கோதுமையில்லாமல் அவள் தேறிவிட்டாள். இப்போதும் சந்தேகங்களை டைரியில் எழுதுகிறேன். ஆனால் எதையும் நிறுத்துவது டாக்டரிடம் அதைக் காட்டிய பிறகுதான்.