அல்வா வாங்கும்வரை

எங்கள் ஊரில் ரயில் ஏறுகிறவர்கள் அல்வாவைக் கடைசியில்தான் வாங்குவார்கள். அப்பளம், கருப்பட்டி, பாய் எல்லாம் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிடலாம். அல்வா மட்டும் கிளம்புகிற அன்று சாயங்காலம், பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்தால் சுடவேண்டும். முந்தின நாளே வாங்கி வைக்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். அதனால் நான் எனக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டேன். அல்வா வாங்கும்வரை நேரம் இருக்கிறது, அதற்குள் அப்பா அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

சொல்லவேண்டியது ஒரே விஷயம்தான். நான் சென்னையில் இருக்கும் என் கணவர் வீட்டுக்குத் திரும்பிப் போகப்போவதில்லை.

அங்கே என்னை யாரும் அடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். மாமியார் வெளியே கிளம்பினால் கம்பிக்கதவை வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டுப் போவார். பாதுகாப்பாம். மாமியார் ஊரில் இல்லாத நாட்களில் அந்தப் பூட்டைக் கணவர் பூட்டுவார். எனக்கு ஒரு சாவி கேட்டேன். "நீ எங்க போகப் போற?" என்று இருவரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்தவள் நான். அங்கே போன பிறகு கொரியர்காரரிடம் கம்பி வழியாகக் கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். பொட்டலம் கம்பிக்குள் நுழையாவிட்டால் அவர் அதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார். மாமியார் வரும்வரை அது அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருப்போம்.

ஊரிலிருந்து நான் கொண்டுபோகிற அல்வாவுக்கும் அதே கதிதான். கூடத்தில் வைத்துப் பிரிப்பார்கள், பங்கு பிரித்து யார் யாருக்கோ அனுப்புவார்கள், மிச்சம் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் திறந்து ஆளுக்கு ஒரு கரண்டி தருவார். எனக்கும் தருவார், குறை சொல்லக்கூடாது.

இந்த முறை ஒரு வாரம் அம்மா வீடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பும்போது அங்கே இருந்ததிலேயே பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டேன். என் துணிமணி அத்தனையும் அதில் அடங்கிவிட்டது. அடியில், ஒரு சேலையில் சுற்றி, கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த இரும்புத் தோசைக்கல்லை வைத்தேன். நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. வீட்டைவிட்டு வருகிறவள் நகையை எடுப்பாள், நான் தோசைக்கல்லை எடுத்தேன். நகை மாமியார் பீரோவில் இருந்தது.

வாசலில் ஆட்டோ நின்றதும் அம்மா பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

"பெரிய பெட்டியாக் கொண்டாந்திருக்கியே! இப்பதாம்ட்டி உனக்குப் புத்தி வந்திருக்கு. போன தடவ அப்பளத்த வைக்க எடமில்லாம மடியில வச்சிட்டுப் போன."

இப்படித் தப்பாகப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் அம்மாக்களால்தான் முடியும். மகள் மொத்த உடைமையோடு வந்து நிற்கிறாள், அம்மாவுக்கு அது சம்பந்தி வீட்டுக்குச் சாமான் ஏற்றுகிற வண்டியாகத் தெரிகிறது. அன்றைக்கே என் துணிகளை எடுத்து என் பழைய அலமாரியில் அடுக்கிவிட்டாள், பெட்டியில் இடம் வேண்டுமே. பழசையெல்லாம் கழித்துவிட்டுப் போகக் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். தோசைக்கல்லைக் கண்டதும் மட்டும் கொஞ்சம் நின்றாள்.

"இத எதுக்குட்டி சொமந்துட்டு வந்தே?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். "ஒட்டுதும்மா. நீ பழக்கித் தருவேன்னு கொண்டாந்தேன்" என்றேன்.

அம்மா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு கல்லைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பிரயாணம் கிளம்பினாலும் அவர் நின்றபடி ஒரு ஜெபம் செய்வார், போய்ச் சேர்ந்ததும் நன்றி சொல்லி இன்னொன்று. நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் விடுமுறைக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் "சேதமில்லாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தீர், ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. நான் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்த பிறகுதான் அந்த இரண்டாவது ஜெபத்தைச் செய்தார். எது என் வீடு என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த முறையும் "வாம்மா" என்று சொல்லிப் பெட்டியை உள்ளே இழுத்து வைத்ததோடு சரி.

மறுநாள் மாமியார் எனக்குப் போன் செய்தார். அம்மா அதை வாங்கி ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா, வயசான காலத்துல எதுக்கு? உங்க மாமாவுக்குத்தான் அந்தக் கல்லிடைக்குறிச்சி அப்பளம். அப்புறம் பத்தமடைப் பாய் ஒண்ணு. அல்வா என் பொண்ணு வீட்டுக்குத் தனியா கட்டச் சொல்லிடு."

ஒன்றும் வேண்டாம் என்பவருக்கு இவ்வளவு வேண்டியிருந்தது. அம்மா முகம் மலர்ந்துபோயிருந்தது. கேட்டு வாங்கிக்கொள்கிற சம்பந்தி அமைவது லேசா என்றாள்.

கல்லிடைக்குறிச்சிக்கு நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். அப்பளம் போடுகிற வீட்டில் அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முகர்ந்தாள், ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். திருப்தியில்லை. அந்த வீட்டு மாமி, "பொண்ணோட ஆத்துக்கு அனுப்பவா? முன்னாடியே சொல்லப்படாதோ" என்று சொல்லி உள் அறையிலிருந்து வேறு அடுக்கு எடுத்துவந்தார். வட்டம் பிசகாமல், ஒன்றுபோல் இருந்தன. முழு அப்பளம் சம்பந்திக்கு, உடைந்தது நமக்கு என்று அம்மா அங்கேயே பிரித்துக் கட்டினாள்.

திரும்பும் வழியில் பத்தமடையில் இறங்கிப் பாய் பார்த்தோம். "உங்க மாமியாளுக்கு எந்தக் கரைட்டி பிடிக்கும்?" என்றாள். கடைக்காரர் பச்சைக்கரையை விரித்தார், சிவப்பை விரித்தார். மாமியாருக்குப் பச்சை ஆகாது. அரக்குச் சிவப்பு, அதுவும் அகலமில்லாமல் இருக்கவேண்டும். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் விரலால் தடவிப் பார்க்கும்போது குறை சொல்ல இடமில்லாத பாயாக நானே தேடி எடுத்தேன். என்னைப் பூட்டுகிறவருக்கு நான் ஏன் இவ்வளவு அக்கறையாகத் தேர்ந்தெடுக்கிறேன் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. கை கேட்டால்தானே.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் அப்பளக் கட்டு, முழங்கால்களுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்த பாய், பக்கத்தில் அம்மா. அசைய வழியில்லை. வெளியே வயல்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. இப்போது சொல்லிவிடலாம் என்று, "அம்மா, ஒரு விஷயம் பேசணும்" என்றேன்.

"அசையாதட்டி, அப்பளம் நொறுங்கிரும். வீட்டுல போயிப் பேசிக்கிடலாம்."

வீட்டில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா முந்திரிக்கொத்துடன் காத்திருந்தார். மாமியாருக்கு நான் கொடுத்தேன்னு சொல்லு, பைய கொண்டு போ, உதிந்துரும் என்றார். அதற்கடுத்த நாள் அப்பாவின் சிநேகிதர் களக்காட்டிலிருந்து ஒரு தார் ஏத்தம்பழத்தோடு வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எப்ப ஊருக்கு, எப்ப ஊருக்கு என்று ஆளுக்கொருதரம் கேட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊரில் நின்றுகொண்டு, எந்த ஊருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நடு அறையில் சாமான் குவிந்துகொண்டே வந்தது. படுக்கப் போகும்போது அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சணல் முடிச்சு. அப்பா நன்றாக முடிச்சுப் போடுவார், இழுத்துப் பார்த்து இன்னொன்றும் போடுவார். அவர் இழுக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டியது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், பயம்தான். நான் சொல்லி, அவர்கள் போ என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரை இது என் வீடு. கேட்டு இல்லை என்றாகிவிட்டால் எனக்குக் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கமும் கிடையாது, இந்தப் பக்கமும் கிடையாது. அதனால் அல்வா இன்னும் வாங்கவில்லையே என்று நாட்களை ஓட்டினேன்.

கிளம்புகிற அன்று சாயங்காலம் அப்பாவோடு கடைக்குப் போனேன். கூட்டம் தெருவரை நின்றது. எங்கள் முறை வந்ததும் கடைக்காரர் வழக்கம்போல ஒரு துண்டு வாழையிலையில் சூடாக ஒரு விள்ளல் வைத்து என்னிடம் நீட்டினார். நெய் இலையைத் தாண்டி விரலில் வழிந்தது. பல்லுக்கு வேலை வைக்காத பண்டம் அது, வாயில் வைத்தால் தானே இறங்கிவிடும். நான் அதை மென்று மென்று விழுங்கினேன்.

"மெட்ராஸுக்கா அண்ணாச்சி? ரயில்ல பையத் தொறந்தே வைங்க. சூட்டோட மூடுனா வேர்த்துரும்" என்றார் கடைக்காரர்.

"மாப்பிள்ள வீட்டுக்கு ஒண்ணு, அவுக மக வீட்டுக்குத் தனியா ஒண்ணு" என்றார் அப்பா. வாய்க்கு மாற்றாகக் கடைக்காரர் கொஞ்சம் மிக்சரை என் உள்ளங்கையில் போட்டார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மூடிப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தேன். அல்வாவும் வாங்கியாயிற்று. என் கெடு முடிந்துவிட்டது.

வீட்டில் பெட்டி மூடித் தயாராக இருந்தது. அம்மா சொன்னாள்: "கல்லப் பழக்கி அடியில வச்சிருக்கேன்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார். பெட்டியையும் பொட்டலங்களையும் சுற்றி மூவரும் நின்றோம்.

"ஆண்டவரே, உம்முடைய பிள்ளை பிரயாணப்படுகிறாள். போகிற வழியில் காத்துக்கொள்ளும். அவளுடைய வீட்டாரிடத்தில் சமாதானத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தருளும். அந்த வீட்டையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே."

அம்மா ஆமென் என்றாள்.

எங்கள் வீட்டில் எல்லாருடைய ஆமெனும் காதில் விழுந்த பிறகுதான் அப்பா கண்ணைத் திறப்பார். சின்ன வயதில் நான் குறும்புக்கு வாயை மூடிக்கொண்டிருப்பேன். சோறு ஆறினாலும் அவர் கண்மூடியே நிற்பார், நான் சிரித்துவிட்டுத்தான் சொல்வேன். இப்போதும் அப்படியே நின்றார். அம்மா எனக்காக இன்னொரு தடவை ஆமென் சொல்லிப் பார்த்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பா, என்னால ஆமென் சொல்ல முடியலப்பா" என்றேன். "நான் அங்க போகல."

மூடிய கை விரிந்து மிக்சர் தரையில் சிதறியது. அப்பா கண்ணைத் திறந்தார். அம்மாதான் முதலில் பேசினாள்.

"கல்லு ஒட்டலைங்கது எனக்கு அன்னைக்கே தெரியும். மொதத் தோசையே எழும்பி வந்துட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தெரிஞ்சுமா இவ்வளவையும் வாங்கி அடுக்குன?"

"தெரிஞ்சதுனாலதாம்ட்டி வாங்குனேன். பெட்டி நெறஞ்சிட்டா நீ போயிருவேன்னு நெனச்சேன். எனக்கு வேற என்ன செய்யன்னு தெரியல" என்று அம்மா அழுதாள்.

அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு முழுசாகப் போகவில்லை. அழுகிறவளிடம் காட்டவும் முடியவில்லை.

"அங்க உன்ன என்னம்மா செய்யுதாவ?" என்றார் அப்பா.

"வெளிய பூட்டிட்டுப் போறாவப்பா."

"சாவி?"

"தரல."

பகலில் வாசல் கதவைச் சாத்திக்கூடப் பழகாத மனிதர் அவர். திறந்து கிடந்த எங்கள் கதவைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய் ஆட்டோக்காரரிடம் என்னவோ சொன்னார். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"அல்வா ஆறிருமே" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி, யாருக்கென்று இல்லாமல்.

"ஆறட்டும்" என்றார் அப்பா. எங்களுக்கு நடுவில் வந்து நின்று, துண்டைத் திரும்ப மடித்துப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, பிள்ளையைச் சேதமில்லாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தீர்..."

அவர் முடிப்பதற்குள் நான் ஆமென் சொல்லிவிட்டேன்.