பச்சை எரியாத போட்டு

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தூத்துக்குடியில் மீன்பிடிப் போட்டுகளுக்கு சாட்டிலைட் டெர்மினல் மாட்டுவது என் வேலை. போட்டை ஓட்டுகிற அறையான வீல்ஹவுஸின் கூரைமேல் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு டோம். அதிலிருந்து கேபிள் இறங்கி உள்ளே ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியில் பச்சை எரிந்தால் மேலே சாட்டிலைட்டோடு பேசுகிறது, சிவப்பு எரிந்தால் பேசவில்லை. போன் டவர் எட்டாத கடலிலிருந்தும் கரைக்கு மெசேஜ் வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். ஆனால் ஒவ்வொரு தடவை பச்சை எரியும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும், இன்றைக்கும்.

எங்கள் கம்பெனிக்கு வானத்தில் பல சாட்டிலைட்கள் உண்டு. போட்டுகளுக்கென்று இருந்ததற்கு ஆயுசு முடிந்து, புதிது ஒன்றை அனுப்பியிருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும்போதே புது செட்டிங்கை ஏற்றிவிடச் சொன்னார்கள். போட்டு போட்டாக ஏறி இறங்கினேன். தடை முடிந்து கடலுக்குப் போகிற அன்று விடியற்காலையில்தான் எல்லாப் பெட்டியும் முதன்முதலாகப் புது சாட்டிலைட்டைத் தேடப்போகிறது.

அன்று துறைமுகமே திருவிழா மாதிரி இருந்தது. ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் வாடை, புதுப் பெயிண்ட் வாடை. தடைக்காலத்தில் போட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது இங்கே வழக்கம். போட்டுக்கு அடிக்கிற கலரையே எங்கள் டோமுக்கும் அடித்துவிடுவார்கள். நீலம், பச்சை, ரோஸ் என்று விதவிதமாக இருக்கும். சிக்னலுக்கு ஒன்றும் ஆனதில்லை, நாங்களும் கண்டுகொள்வதில்லை. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு போட்டாகப் பச்சை எரிந்தது. கண்ட்ரோல் ரூமில் இருந்த எஞ்சினியர் கயல்விழி மேடத்துக்குப் போனில் சொல்லிக்கொண்டே ஓடினேன். அவரும் என்னைப் போலவே கத்திக்கொண்டிருந்தார்.

கடைசியாக அருள்மேரி அக்காவின் போட்டு. அதில் மட்டும் சிவப்பு.

அக்காவின் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். இஞ்சின் நின்று போன் எட்டாத இடத்தில் கிடந்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு போட்டை அக்காவே நடத்துகிறார். தடை தொடங்கியதும் டெர்மினல் கேட்டுத் தானாகவே வந்தவர். பச்சை எரியாமல் கயிற்றை அவிழ்க்கக்கூடாது என்று அன்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்.

இங்கே இன்னொரு வழக்கம். தடை முடிந்த முதல் நாள் எந்தப் போட்டில் ஏறுகிறார்களோ, சீசன் முழுக்க அந்தப் போட்டுதான். போட்டு கிளம்பாவிட்டால் ஆட்கள் வேறு போட்டில் ஏறிவிடுவார்கள், பிறகு கூப்பிட்டாலும் வரமுடியாது. டிரைவர் சேவியர் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

"அக்கா, நாலு பயலுவளும் பக்கத்துப் போட்டையே பாக்கான். நான் எம்புட்டு நேரம் புடிச்சி வைக்க?"

"போறவன் போகட்டும். எரியாத வெளக்க நம்பி ஒரு உசுர அனுப்ப மாட்டேன்."

நான் கேபிளை மாற்றினேன். சிவப்பு. ஸ்பேர் பெட்டியை வைத்தேன். அதுவும் சிவப்பு. வேறு டோம் கையில் இல்லை. பக்கத்துப் போட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "ஏலே சேவியரு, புது சாட்டிலைட்டு ஒன்னயப் பாத்து வெக்கப்படுதோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தப் போட்டை மட்டும் புது சாட்டிலைட்டில் சேர்க்க விட்டுப்போயிற்றோ என்று நினைத்தேன். மேடமும் அவர்கள் பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கூரைமேல் ஏறி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.

அனுப்பினேன். மேடம் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணா, டோம் என்ன இப்படிப் பளபளங்குது? என்ன பெயிண்ட்?"

கீழே பார்த்துக் கேட்டேன். சேவியர் முகம் மலர்ந்துவிட்டது. "சில்வர் பெயிண்ட் அண்ணாச்சி. அக்கா ஆசையா வாங்குன சாமான்லா? திருவிழாவுல வார மாதா சப்பரம் மாதிரி மின்னட்டும்னு ரெண்டு கோட்டு அடிச்சேன்."

அந்தப் பெயிண்டில் அலுமினியத் தூள் கலந்திருக்கும், டோமைத் தகரத்தால் மூடிய மாதிரி சிக்னலை மறித்துவிடும் என்று மேடம் விளக்கினார். தின்னர் ஊற்றினால் டோம் கெட்டுவிடும், சுரண்டித்தான் எடுக்கவேண்டும் என்றார். அதைக் கேட்டதும் சேவியர் ஒரே தாவலில் கூரைமேல் வந்துவிட்டார். ஒருவர் வலை அறுக்கிற கத்தியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தார், ஒருவர் உப்புத்தாள், ஒருவர் எங்கிருந்தோ ஒரு சிப்பி ஓடு. பக்கத்துப் போட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள்தான் எல்லாரும். அக்காவும் சேலையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். கூரை தாங்குமா என்று எனக்குப் பயம்.

"மெதுவாச் சுரண்டுலே, சப்பரம் ஓட்டையாயிரப் போவுது" என்று அக்கா சொன்னதும் சேவியரே சிரித்துவிட்டார்.

நான் கீழே பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மற்ற போட்டுகள் துறைமுக வாயைத் தாண்டிக்கொண்டிருந்தன. சிவப்பு ஒரு தடவை அணைந்தது. திரும்பவும் சிவப்பு. இன்னும் சுரண்டுங்கள் என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தத் துறைமுகத்தில் யாரும் கேட்டதில்லை. அடுத்து அணைந்து எரிந்தபோது பச்சை. போனில் மேடம், "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்றார். கடைசிப் போட்டாகத்தான் கிளம்பினார்கள், ஆனால் ஒரு ஆள் குறையவில்லை.

மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். அக்கா நலம் கேட்டு அனுப்பியதற்கு, டவர் எட்டாத இடத்திலிருந்து சேவியர் பதில் அனுப்பியிருந்தார்: "அக்கா, கணவா மீன் நல்லா விழுது. சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி போட்டு வையிங்க."

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அங்கன இருந்து எனக்கு ஒரு பதில் வாரது இதுதான் மொதத் தடவ" என்றார். நான் ஸ்பானரைப் பையில் போட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிற சிக்னலைக் கடைசியில் இரண்டு கோட்டு சில்வர் பெயிண்ட் நிறுத்திவிடும். டோம் மாட்டியதும் ஓனரிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்காதீர்கள். பெயிண்ட் அடிக்கப்போகிறவர் யார் என்று கேட்டு, அவரையும் கூரைமேல் ஏற்றி விளக்கிச் சொல்லுங்கள். அவர் ஆசைப்பட்டுத்தான் அடிப்பார். அதனால் அதட்டாமல் சொல்லுங்கள்.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம், மழைக்காகப் போட்டுகள் கடலுக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.