டில்லிபாபுவின் வலது கால்

திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற டில்லிபாபுவுக்குத் தன் முகத்தைப் பற்றிப் பெருமை கிடையாது. படிப்பைப் பற்றி அறவே கிடையாது. வலது காலைப் பற்றி மட்டும் உண்டு. பிரேக் மேல் அந்தக் கால் இறங்கினால், மடியில் இருக்கிற சாம்பார் தூக்குகூடத் தளும்பாது என்று ஸ்டாண்டில் பீற்றிக்கொள்வான். பாழாய்ப்போன நோய் அந்தக் காலைத்தான் பார்த்து வந்தது.

ஆடி மாதத்தில் தள்ளுவண்டியில் எதையோ தின்றுவிட்டு வயிற்றுப்போக்கு. மருந்துக்கடை மாத்திரையில் நின்றது; மறந்தும் போனான். கொஞ்ச நாளில் கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று பார்த்தவர்களெல்லாம் சொல்ல, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்தான். பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு போனாலும் போனார்களே தவிர, அவன் பக்கத்து சீட்டில் ஒரு ஜனம் உட்காரவில்லை. அப்புறம் வலது முட்டி பன்னு மாதிரி வீங்கியது. காலையில் எழுந்து குதிகாலைத் தரையில் வைத்தால் உயிர் போய் உயிர் வந்தது.

இடிபடவில்லை, விழவில்லை. இருந்தாலும் முட்டி வீங்கினால் நேரே நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடத்தான் இங்கே ஓடுவார்கள். அவனும் ஓடினான், அதாவது நொண்டினான். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, மடக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். வயிற்றுக்கு ஓரிடம், கண்ணுக்கு ஓரிடம், முட்டிக்கு ஓரிடம். எல்லாம் ஒரே ஆளின் உடம்பில்தான் நடக்கிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை, அந்த ஆளுக்கும்தான்.

வாரக்கணக்கில் கட்டோடு கிடந்தவன், ஒரு நாள் பொறுக்காமல் தானே அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். மனைவி பானுப்பிரியா வாசல் வரைக்கும் வந்து வேண்டாம் என்று கெஞ்சினாள். கேட்டால்தானே! வேலப்பன்சாவடி அருகே முன்னால் போன ஸ்கூட்டி சட்டென்று நின்றது. டில்லிபாபுவின் மூளை சொன்னது, விறைத்த கால் கேட்கவில்லை. ஹேண்டிலை ஒடித்தான். ஸ்கூட்டியை உரசிக்கொண்டு போய் ஆட்டோ ஓரத்து மண்ணில் நின்றது. ஸ்கூட்டியில் அம்மாவின் முதுகைக் கட்டிக்கொண்டு யூனிபார்மில் ஒரு சின்னப் பெண். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தக் குழந்தை திரும்பி அவனையே பார்த்தது.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு வயிற்றைப் பற்றிக் கேட்டார். காலைக் காட்டினால் வயிற்றைக் கேட்கிறாரே என்று எரிச்சலோடுதான் பதில் சொன்னான். முட்டியில் நீர் எடுத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கண் பிரிவுக்கும் அனுப்பினார்கள். கடைசியில் அவர் விளக்கினார். வயிற்றில் வந்த கிருமி போய்விட்டது. அதை அடிக்கக் கிளம்பிய உடம்பு, சண்டை முடிந்தது தெரியாமல் சொந்த மூட்டுகளையே அடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணும் அதே கதைதான். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும், வலி குறைந்ததென்று தானாக நிறுத்தக் கூடாது, கட்டிப்போட்டு விறைத்த முட்டியை இனித் தினமும் மடக்கி நீட்ட வேண்டும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்குத் திரும்பியும் வரும் என்றார்.

அவன் கேட்டது ஒன்றுதான். "வண்டி எப்பம்மா ஓட்டலாம்?"

"யோசிக்காம பிரேக் அடிக்க முடியிற அன்னிக்கு."

அன்றிலிருந்து வண்டி கூட்டாளி எத்திராஜ் கையில். காலையில் அவன் வருவதற்கு முன், வாசலில் நிற்கிற ஆட்டோவில் டில்லிபாபு ஏறி உட்காருவான். பானுப்பிரியா பின்சீட்டில் இருந்துகொண்டு, அவன் எதிர்பாராத நேரத்தில், குறுக்கே குழந்தை வந்துவிட்ட மாதிரி "புள்ள!" என்று குரல் கொடுப்பாள். கால் இறங்க வேண்டும். இறங்கும், ரேஷன் கடைக்குக் கிளம்புகிற மாதிரி, ஆற அமர. மாத்திரை, மடக்கு, நீட்டு; மறுபடி மாத்திரை, மடக்கு, நீட்டு. அலுத்துப் போனான் மனுஷன். வீக்கம் வடிந்தது, கண் வெளுத்தது. நல்லாத்தானே கீறே, இன்னும் ஏன் ஊட்ல குந்திகினு கீறே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வலியைவிட அந்தக் கேள்விதான் அவனை ஓய வைத்தது.

தை பிறந்ததும் ஒரு காலை காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் சாவியைப் போட்டான். இன்றைக்கு ஓட்டியே தீருவது என்று முடிவு. எத்திராஜும் வந்து நின்று கால் தேறிவிட்டது என்று தெம்பு கொடுத்தான். பானுப்பிரியா பின்னால் ஏறி, வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "புள்ள!"

அடித்தான். எத்திராஜ் கண்ணுக்குச் சரியாகத்தான் அடித்தான். பானுப்பிரியாவுக்கும் குறை தெரியவில்லை. குரல் கேட்டதும் முட்டி ஒரு கணம் தயங்கியது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் குழந்தை மறுபடியும் திரும்பிப் பார்த்தது போல இருந்தது.

சாவியை உருவி எத்திராஜ் கையில் வைத்தான்.

"இன்னிக்கும் நீயே எட்த்துகினு போ மாமே. காலு இன்னும் வரல."

உள்ளே போய்க் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இட்லியைத் தின்று, மாத்திரையை விழுங்கி, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தான். பானுப்பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடக்கு என்றாள். மடக்கினான்.