வயர்லெஸ் கம்பத்துக்கு அடித்த சில்வர் பெயிண்ட்

எண்பதுகளின் நடுவில் சித்தேரி மலையில் ஒரு வயர்லெஸ் நிலையத்துக்கு ஆபரேட்டராகப் போனேன். ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை, உள்ளே செட்டும் பேட்டரியும், வெளியே உயரமான இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஏரியல். மலையில் டெலிபோன் கிடையாது. அவசரமென்றால் நான் மைக்கை அழுத்தி, கீழே அரூர் நிலையத்தைக் கூப்பிட்டால்தான் ஜீப் வரும்.

எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் இடி விழுந்து செட் கருகிப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து நிலையத்து வாட்ச்மேனின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்திருக்கிறது. ஜீப்பைக் கூப்பிட வழியில்லை. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் குழந்தை போய்விட்டது. நான் போனபோது அந்தப் பெண் மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். ஐப்பசியில் பிரசவம் என்றார்கள். இடிக்குப் பேர்போன மாதம்.

"இந்த வாட்டி இடி உளுந்தா செட்டு தாங்குங்களா சார்?" என்று வாட்ச்மேன் முதல் நாளே கேட்டார்.

"உளட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

வாய்ச்சவடால் இல்லை. கம்பத்துக்கு எர்த் போட, அருகில் ஆளுயரக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாய் இறக்கினேன். கம்பத்திலிருந்து குழாய் வரைக்கும் செம்புப் பட்டை ஓட்டி, போல்ட் போட்டு முறுக்கினேன். விழுகிற இடி அந்தப் பட்டை வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். ஏரியல் கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில், தப்பி வரும் இடியைத் தான் வாங்கிக் கருகி செட்டைக் காப்பாற்ற ஒரு அரெஸ்டரும் வைத்தேன். அந்த வேலையில் எவனும் என்னைக் குறை சொல்ல முடியாது, இன்றைக்கும் சொல்வேன்.

ஆயுத பூஜைக்கு பொம்மிடியில் இருந்த என் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால், கம்பம் பளபளவென்று நிற்கிறது. உச்சி முதல் அடி வரை சில்வர் பெயிண்ட், சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பக்கத்திலேயே வாட்ச்மேன், வாயெல்லாம் பல்லாக. "ஜோரா இருக்குதுங்க," என்று நானும் பாராட்டினேன்.

செட்டைப் போட்டால் ஒரே கரகரப்பு. அரூர் பேசுவது பாதிக்குப் பாதி காதில் விழவில்லை.

"அங்க மாவு மில்லு ஓடுதா? அதான் கரகரங்குது. நிறுத்தச் சொல்லுங்க," என்றார் அரூர் ஆபரேட்டர்.

"அட, அது டீசல் எஞ்சினுங்க. பொறி தட்டற ஸ்பார்க் பிளக்கு இருந்தாத்தானே செட்டுல கரகரக்கும்?" என்று எரிந்து விழுந்தேன்.

காற்று அடித்தால் கரகரப்பு, நின்றால் இல்லை. அப்படியென்றால் கம்பத்தில்தான் எங்கோ இணைப்பு சரியில்லை. ஸ்பேனரோடு போய்ச் செம்புப் பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். பகீரென்றது. பட்டைக்கு இரண்டு பக்கமும் பெயிண்ட். வாஷருக்குப் பெயிண்ட். போல்ட்டின் மரைக்குள்ளும் பெயிண்ட். மனுஷன் பூஜைக்கென்று ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி, துடைத்து, உள்ளே வெளியே பூசி, காய்ந்ததும் மறுபடி முறுக்கியிருக்கிறார். உலோகத்தோடு உலோகம் ஒட்டினால்தானே இடி இறங்கும்? நடுவில் பெயிண்ட் இருந்தால் அது அறையைப் பார்த்துத்தான் வரும்.

"யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்க! இதுல இடி உளுந்தா செட்டும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்!"

அவர் முகம் செத்துவிட்டது. "துரு புடிச்சா பட்டை அத்துப்போயிடுமேன்னுதான் சார். எம்புள்ளைக்காவத்தான் ஒண்ணு விடாம கழட்டி அடிச்சேன்."

கத்தியிருக்க வேண்டாம். உப்புத்தாளை இரண்டாகக் கிழித்துப் பாதியை அவரிடம் கொடுத்தேன். செம்பு சிவக்கிற வரைக்கும் இருவரும் உட்கார்ந்து தேய்த்தோம். முறுக்கியபின் ஈரம் புகாமல் மேலே தார் பூசினேன். "வெளிய எவ்வளவு வேணா அடிங்க, உள்ள மட்டும் வேணாம்," என்றேன். கரகரப்பு போன இடம் தெரியவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார். "வலி எடுத்துடுச்சுங்க!"

இடிக்கிற நேரத்தில் ஏரியல் கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். கழற்றினால் ஜீப் வராது. நான் போட்ட எர்த்தை நான் நம்பாமல் யார் நம்புவது? மைக்கை அழுத்தினேன். "ஜீப் கிளம்புது" என்று அரூர் சொல்லி முடிக்கவும் கம்பத்தில் இடி விழவும் சரியாக இருந்தது. அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். காது அடைத்துப் போயிற்று. அரெஸ்டர் கருகியிருந்தது. செட்டின் விளக்கு அணையவில்லை.

ஜீப் வந்தது. மகளையும் தன் மனைவியையும் ஏற்றி அனுப்பிய வாட்ச்மேன், தான் ஏறவில்லை.

"நீங்களும் போங்க. நான் இருக்கேன்ல."

"நான் இங்கயே இருக்கறேங்க. சேதி இதுலதானே வரும்?"

புது அரெஸ்டரை மாட்டினேன். அவர் செட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். டீ கொடுத்தும் குடிக்கவில்லை. பொழுது சாயும்போது அரூர் கூப்பிட்டது.

"பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க. ஓவர்."

துளி கரகரப்பில்லை. ஒவ்வொரு சொல்லும் மணி மணியாகக் கேட்டது. ஆனாலும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரியா கேக்கலைங்க சார். இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க."